ஊர்வன வளர்க்க வீட்டில் செய்த பெட்டியில் சூடு ஏறவே மாட்டேன் என்கிறது, அவசரம்

மிட்ராண்ட்வாசி: எல்லோருக்கும் வணக்கம். மெலமைன் பூசிய மரத்தூள் பலகை வாங்கி நானே பெட்டி செய்தேன், முன்பக்கம் தள்ளு கண்ணாடி. பல்பு போட்டும் உள்ளே சூடு ஏறவில்லை. இவன் சாப்பிடுவதில்லை, குகைக்குள்ளேயே கிடக்கிறான். என்ன செய்வது, சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓணான்வால்: "இவன்" யார்? பாம்பா, பல்லியா, ஆமையா? பெட்டி என்ன அளவு, பல்பு எத்தனை வாட், சூட்டை எதை வைத்து அளக்கிறீர்கள்?

பழையகை: வாரத்துக்கு ஒருவர் இப்படி வருகிறார். முதலில் பிராணியை வாங்கிவிட்டு அப்புறம் பெட்டியைப் பற்றி யோசித்தால் இப்படித்தான் ஆகும். மேலே ஒட்டி வைத்திருக்கும் வழிகாட்டியைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. வாட் போதவில்லை. 100 போடுங்கள், விஷயம் முடிந்தது.

கம்பிவலை: வாட் இல்லை அண்ணா, காற்றோட்டம்தான் பிரச்சினை. இங்கே பலர் மேல்பக்கம் முழுக்க வலை அடித்துவிடுகிறார்கள். இட்லிப் பானையைத் திறந்து வைத்துவிட்டு ஆவி கட்டவில்லை என்பது போல. குளிர்ந்த பக்கம் கீழே ஒரு துவாரம், சூடான பக்கம் மேலே ஒரு துவாரம், அவ்வளவு போதும்.

பழையகை: படம் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டீர்களா? சபாஷ்.

டர்பன்மழை: கரண்ட் போகும் நேரத்தில் பெட்டி ஆறிப்போகிறதா என்று பாருங்கள். 2023-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) ஸ்டேஜ் 6 வரை போனபோது வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துச் சமாளித்தோம்.

ஓணான்வால்: 2023 கதை இப்போது எதற்கு? அவர் பல்பு எரிகிறது என்றுதானே சொல்கிறார்.

மிட்ராண்ட்வாசி: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பேர்டட் டிராகன் என்ற பல்லி, இன்னும் முழுசா வளரவில்லை. பெட்டி 120 × 60 × 60 செ.மீ. மேலே பாதி வலை, பாதி கண்ணாடி. பல்பு 75 வாட், தெர்மோஸ்டாட்டில் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) 32 டிகிரி வைத்திருக்கிறேன், அதுவும் 32 என்றே காட்டுகிறது, ஆனால் கல்லைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை. பல்பு அணைந்து அணைந்து எரிகிறது, அது வழக்கம்தானே? யூவி (புற ஊதா) டியூபும் மேலே வைத்திருக்கிறேன்.

ஒயர்மேன்: அணைந்து அணைந்து எரிவதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது தம்பி. சூட்டை அளக்கும் சென்சார் வயர் எங்கே தொங்குகிறது? பல்புக்குப் பக்கத்திலா?

மிட்ராண்ட்வாசி: ஆமாம், பல்புக்கு ஒரு சாண் கீழே.

ஒயர்மேன்: அதுதான். சென்சார் இருக்கும் இடம் 32 ஆனதும் தெர்மோஸ்டாட் கரண்டை வெட்டிவிடுகிறது, கல்லுக்குச் சூடு வந்து சேருவதற்குள் பல்பு ஆறிவிடுகிறது. சென்சார் முனையை அவன் வெயில் காயும் கல்லின் மேலேயே, அவன் முதுகு உயரத்தில், நகராதபடி கட்டுங்கள். 40-க்கு ஏற்றுங்கள். எதிர்ப்பக்கம் 25-ஐ ஒட்டி இருந்தால் போதும், வேண்டும்போது அவனே அங்கே போய்க்கொள்வான். வெட்டி வெட்டிப் போடும் தெர்மோஸ்டாட் செராமிக் ஹீட்டருக்குச் சரி, வெளிச்ச பல்புக்கு, அணைக்காமல் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வகைதான் நல்லது, இல்லாவிட்டால் பல்பு சீக்கிரம் போய்விடும். பல்பைச் சுற்றிக் கம்பிக்கூண்டும் போடுங்கள், இவை ஏறித் தொட்டுச் சுட்டுக்கொள்ளும்.

பழையகை: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

கம்பிவலை: நீங்கள் சொன்னது 100 வாட் அண்ணா.

ஓணான்வால்: ஜூலை குளிர்கால ராத்திரியில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும், வீட்டுக்குள்ளும் சில்லென்றுதான் இருக்கும். ராத்திரி 18-க்குக் கீழே போனால் வெளிச்சம் இல்லாத செராமிக் ஹீட்டர் வையுங்கள். சிவப்பு பல்பு வேண்டாம். இன்னொன்று, யூவி டியூப் வலைக்கு மேலா, கண்ணாடிக்கு மேலா?

வேருலம்அக்கா: எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. இங்கே டர்பன் பக்கம் வேருலத்தில் குளிர் ஒன்றும் இல்லை, ஆனால் ஈரத்தில் மெலமைன் பலகையின் வெட்டு ஓரம் ஊதிப்போகும், சிலிக்கான் பூசி வாடை முழுக்கப் போகும்வரை உள்ளே எதையும் விடாதீர்கள். பல்லியைவிட ஆமை சுலபம். மாமா லேடிஸ்மித் பக்கம் ரோட்டில் கிடந்த சிறுத்தை ஆமையை எடுத்து வந்தார், கொல்லையில் புல் மேய்ந்துகொண்டு சுகமாக இருக்கிறது.

டர்பன்மழை: அக்கா, அது இந்த நாட்டு ஆமை. எசெம்வெலோ (நம் மாகாண வனவிலங்கு அமைப்பு) அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

வேருலம்அக்கா: எங்கள் தாத்தா காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு ஆமை இருந்தது, யார் அனுமதி கேட்டார்கள்? ரோட்டில் லாரி ஏறிச் சாகட்டும் என்று விட்டிருக்க வேண்டுமா?

டர்பன்மழை: ரோட்டைக் கடக்கவிட்டு அது போகும் பக்கத்திலேயே விட்டிருக்கலாம். லேடிஸ்மித்தில் இருந்ததை வேருலத்துக்குக் கொண்டு வந்ததுதான் தப்பு. இப்போது கண்ட இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் அங்கே இருக்கும் ஆமைகளுக்கு நோய் போகும்.

கம்பிவலை: இழை எங்கேயோ போகிறது.

பழையகை: ஆமைக்குத் தனி இழை இருக்கிறது, யாரும் தேடுவதில்லை.

மிட்ராண்ட்வாசி: சென்சாரை மாற்றிக் கட்டினேன். கல் 39 காட்டுகிறது, வெளியே வந்து படுத்திருக்கிறான். ஒயர்மேன் அண்ணாவுக்கு நன்றி.

ஓணான்வால்: நல்லது. டியூப் பற்றிக் கேட்டதற்குப் பதில் இல்லையே? கண்ணாடிக்கு மேல் இருந்தால் யூவி-பி பெரும்பாலும் உள்ளே இறங்காது, வெளிச்சம் மட்டும்தான் வரும். அது இல்லாமல் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது, கால்சியம் ஒழுங்காகச் சேராது. வளரும் வயதில் தாடை மெத்தென்று ஆகி, கால் வளைந்துவிடும். வலைப் பக்கம் மாற்றுங்கள், இல்லை உள்ளேயே மாட்டுங்கள். இருக்கிறீர்களா?

வேருலம்அக்கா: டர்பன்மழை, அந்த அனுமதிக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போக வேண்டுமா?

டர்பன்மழை: எசெம்வெலோ தலைமை அலுவலகம் அங்கே குயீன் எலிசபெத் பார்க்கில்தான் அக்கா. நேரில் கிளம்புவதற்கு முன்னால் போன் போட்டுக் கேளுங்கள்.