கூவம் கரைப் பூங்கா யாருக்கு?

நீர்வழி: கூவம் கரைக் குடியிருப்புகளை எடுத்துட்டுப் பூங்கா போடறதை ‘பசுமைப் பேர்ல விரட்டல்’னு சிலர் எழுதுறாங்க. வெள்ளம் போற அகலத்துக்குள்ள வீடு இருந்தா எடுத்துத்தான் ஆகணும். 2015 டிசம்பர்ல அடையாறு என்ன செஞ்சதுன்னு அதுக்குள்ள மறந்துட்டோமா?

கொன்றை: அகலம்தான் பிரச்சினைன்னா அளந்து எல்லைக்கல் நடுங்க சார், உள்ள யார் இருந்தாலும் எடுங்க. துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலைக்குக் கூவத்துலயே தூண் இறக்கினாங்க. ஆத்தை மறிக்குதுன்னு சொல்லித்தான் 2012ல வேலையை நிறுத்தினாங்க. இப்ப ஈரடுக்கா மறுபடி நடக்குது. குடிசை மறிக்கும், தூண் மறிக்காதா? எடுத்தவங்களை எங்க வச்சாங்க? பெரும்பாக்கம், சுமார் 25 கி.மீ. சிந்தாதிரிப்பேட்டையில நாலு வீட்டு வேலை பார்த்தவங்க தினம் எப்படி வந்து போவாங்க? அதுக்குப் பக்கத்துல இருக்கிற இன்னொரு மறுகுடியமர்வு இடம் செம்மஞ்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்புத் தாழ்வுல இருக்கு, மழைன்னா அங்கயும் தண்ணிதான்.

தெருமுனை: பூங்காவுக்கு ஆத்தங்கரை ஒண்ணுதான் கதியா? 2019 கட்டட விதிகள்ல ஓ.எஸ்.ஆர். (கட்டறவங்க பொதுத் திறந்தவெளிக்கு இடம் ஒதுக்கற விதி) பாருங்க. 3,000 ச.மீ. வரை ஒதுக்க வேண்டாம். 3,000லேருந்து 10,000 வரை, சாலை போக 10% இடம், இல்லேன்னா அதுக்கான வழிகாட்டி மதிப்பைக் கட்டலாம். 10,000க்கு மேலன்னா இடத்தையே தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கணும். 9,000 ச.மீ. மனைக்காரர் பணத்தைக் கட்டிட்டுப் போயிடலாம். எல்லாமே சின்ன மனையா இருக்கிற புளியந்தோப்புல விதி எட்டியே பார்க்காது. பெரிய அடுக்ககம் எழும்புற ஏரியாவுக்குத்தான் பூங்கா.

எழுதிக் கொடுத்த இடமும் பல சமயம் மதில் சுவருக்குப் பின்னாடி, பலகை இல்லாம, கார் நிறுத்தற இடமா கிடக்கும். தானப் பத்திர எண்ணையும் புலப்படத்தையும் (நிலத்தோட அளவு வரைபடம்) தகவல் உரிமையில கேளுங்க. ரெண்டையும் கையில வச்சுக்கிட்டு நேர்ல போய் டேப் பிடிச்சா, எவ்வளவு இடம் ஆக்கிரமிப்புல போயிருக்குன்னு தெரிஞ்சிடும்.

நீர்வழி: சரி, அப்படி மீட்ட துண்டுல மியாவாக்கி (நெருக்கமா நட்டு வளர்க்கிற குறுங்காடு) போட்டுடலாமே.

கொன்றை: 200 ச.மீ. துண்டுலயா? மியாவாக்கின்னா ச.மீ.க்கு 3, 4 கன்று. 3 அடி தோண்டி எருவும் தேங்காய் நாரும் கலக்கணும், 2, 3 வருஷம் தண்ணி விடணும், வேலி போடணும். அடியில கட்டடக் கழிவு இருந்தா தோண்டறவங்க ஒரு அடியோட நிறுத்திடுவாங்க, வேர் இறங்காது, கோடையில இலை மஞ்சளாகும். நல்லா வளர்ந்தாலும் உள்ள யாரும் உட்கார முடியாது. நெருக்கமான தெருவுக்கு ஆறு புங்கனும் ஒரு திண்ணையும் போதும்.

நீர்வழி: தூண் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான். ஆனா கரைச் சரிவுல இருக்கிற வீட்டை விட்டுவைக்க முடியாது. 5 கி.மீ.க்குள்ள மாற்று இடம் காட்டுங்க, பேசுவோம்.

தெருமுனை: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோட (முன்னாடி குடிசை மாற்று வாரியம்) பழைய அடுக்குமாடிகளை இடிச்சுக் கூடுதல் மாடியோட கட்டும்போது மிச்சமா வர்ற வீடுகளை முதல்ல ஆத்தங்கரைக்காரங்களுக்கு ஒதுக்கச் சொல்லுங்க. பூங்கா டெண்டர் அதுக்கப்புறம் வரட்டும்.