பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வேக்குவம் பம்பாக மாற்றலாமா?

கேள்வி – அச்சுவார்ப்பு ஆர்வலர்

அச்சில் ஊற்றி இறுகவைக்கும் எப்பாக்ஸி ரெசினில் சிக்கும் காற்றுக்குமிழிகளை அகற்ற, வீட்டுப் பட்டறைக்கு ஒரு வேக்குவம் பம்பு அமைக்க விரும்புகிறேன். காயலான் கடையில் ஓடும் நிலையிலுள்ள ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஒன்று கிடைக்கிறது. அதன் உறிஞ்சு குழாயில் ஹோஸை மாட்டினால் போதுமா? ரெசினை உள்ளே வைக்கும் பாத்திரமாகப் பிரஷர் குக்கரைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி – குளிர்பதன மெக்கானிக்

குளிரூட்டும் கேஸ் ஏற்கெனவே அகற்றப்பட்ட கம்ப்ரஸரையே வாங்குங்கள். முழு ஃப்ரிட்ஜாக வாங்கி, அதில் ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால், அது தீப்பற்றும் ஐசோபியூட்டேன் என்பதால், குழாயை நீங்களே வெட்ட வேண்டாம்.

பெரும்பாலானவற்றில் மூன்று செம்புக் குழாய்கள் இருக்கும். காற்றைத் தள்ளும் குழாயைத் தவிர மற்ற இரண்டும் கம்ப்ரஸரின் இரும்புக் கூட்டுக்குள்ளேயே திறப்பவை; ஆகவே ஒன்றில் ஹோஸை மாட்டி, மற்றதை அடைக்காவிட்டால் வேக்குவம் ஏறவே ஏறாது. தள்ளும் குழாய் எண்ணெயையும் சேர்த்துத் துப்பும் என்பதால் அதை மூடியில் துளையிட்ட ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள்.

உண்மையான தொல்லை சூடுதான். ஃப்ரிட்ஜில் திரும்பி வரும் குளிர்ந்த கேஸே மோட்டாரைக் குளிர்விக்கிறது. வேக்குவத்தில் அந்த வசதி இல்லாததால், நெடுநேரம் ஓடினால் ஓவர்லோட் என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நிறுத்தியவுடன் மீண்டும் ஓட்டினாலும் மோட்டார் அழுத்த வேறுபாட்டை எதிர்த்துக் கிளம்பாமல் முனகும். பாத்திரத்தின் வாயில் ஒரு வால்வை வைத்து, அதை மூடிய பின் கம்ப்ரஸர் பக்கம் காற்றை விட்டுவிட்டால் இது நேராது.

மறுமொழி – மர வேலைக்காரர்

குக்கர் மூடி உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. உள்மூடி வகையாக இருந்தால் வேக்குவம் அதைக் கீழே இழுத்து, கசிவை உண்டாக்கும். தடித்த எவர்சில்வர் பாத்திரத்தின் தட்டையான விளிம்பில் சிலிக்கோன் ஷீட்டும், அதன்மேல் 20 மி.மீ. அக்ரிலிக் தகடும் போதும். 25 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மீது முழு வேக்குவத்தில் ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்தும் என்பதால் கண்ணாடி ஜாடியை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கேட்டவர்

நன்றி. வாஷிங் மெஷினின் தண்ணீர் வால்வு ஒன்று கையிலிருக்கிறது. வாயில் அதை வைக்கலாமா?

மறுமொழி – குளிர்பதன மெக்கானிக்

வேண்டாம். அது ஒரே திசையில், அதுவும் தண்ணீரின் அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காகத் திறக்கும் டயஃப்ரம் வால்வு. சாதாரணப் பித்தளை பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பும் வால்வு) போதும். ஹோஸ் மட்டும் கம்பிச் சுருள் பதித்ததாக இருக்கட்டும், மெல்லியது சப்பிப்போகும்.

மறுமொழி – மர வேலைக்காரர்

ரெசின் நுரைத்துப் பல மடங்கு எழும்பும். கிண்ணத்தில் கால் பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.