மறு: பயறு கலைச்சொற்கள் – ஊறாமை வேறு, வேகாமை வேறு

எல்லோருக்கும் வணக்கம். ஊறவே ஊறாத பயறுக்கும், ஊறியும் வேகாத பயறுக்கும் நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்து இது:

> இரண்டுக்கும் சேர்த்துக் "கடினப் பயறு" என்றே வைத்துவிடலாம். தனித்தனிச் சொல் எதற்கு?

தனித்தனியாகத்தான் வேண்டும் ஐயா. எங்கள் காரைக்குடிப் பக்கம் காய்ந்த மொச்சையை இரவு ஊறப்போட்டுக் காலையில் பார்த்தால் பெரும்பாலானவை பெருத்திருக்கும், நடுவே சில மட்டும் போட்டது போட்டபடி சின்னதாக, வழவழவென்று கிடக்கும், தோல்கூடச் சுருங்கியிருக்காது. இது ஒன்று. நன்றாக ஊறிப் பெருத்த மொச்சை எத்தனை விசில் விட்டாலும் வேகாமல், விரலால் நசுக்கினால் தோல் மட்டும் கழன்று உள்ளே நறநறவென்று நிற்பது இன்னொன்று. ஆச்சிமார் இரண்டையும் "கல்லாக் கெடக்கு" என்பார்கள், அடுப்படிக்கு அது போதும். நாம் தொகுப்பது பயறின் சத்தும் தரமும் பற்றிய சொற்களை, அதில் காரணம் வேறானால் பெயரும் வேறாக வேண்டும்.

முதலாவது விதைத்தோலின் சங்கதி. பயறு முற்றும்போது வறண்ட வெயில் அடித்தாலோ அளவுக்கு மீறிக் காயப்போட்டாலோ தோல் தண்ணீரை உள்ளே விடாது.

இரண்டாவதுக்குக் காரணம் பெரும்பாலும் சேமிப்பில் இருக்கிறது, அதன் தொடக்கம் மட்டும் விளைந்த மண்ணில், அதைக் கீழே சொல்கிறேன். வெக்கையும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும் பயறில், விதை தன் மணிச்சத்தைச் (பாஸ்பரஸ்) சேமித்து வைக்கும் பைட்டிக் அமிலம் சிதைகிறது. அது பிடித்து வைத்திருந்த கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு, செல்களை ஒட்டவைக்கும் பெக்டினோடு சேர்ந்து அதைக் கொதிநீரில் கரையாமல் ஆக்கிவிடுகின்றன. இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் முக்கியமானது இது. (புளி கரைத்து ஊற்றிய பிறகு மொச்சை வேகாது என்பதும் இதே பெக்டின் விவகாரம்தான், புளிப்பில் அது கரைய மறுக்கும்.)

சத்துக்கு வருகிறேன். பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் நம் உடம்பில் சேரவிடாமல் தடுப்பது. மண்ணில் மணிச்சத்து கூடினால் விதையில் அதுவும் கூடும், துத்தநாகம் குறையவும் செய்யும். சரி, அமிலம் குறைந்த ரகமாகப் பார்த்து விதைக்கலாமே என்றால், அப்படிப்பட்ட பயறு சில வேக மறுக்கின்றன. வேகவில்லையே என்று சோடா உப்பைப் போட்டால் தயமின் (வைட்டமின் பி1) அழிகிறது. இந்தச் சங்கிலியை எழுதும்போது "கடினப் பயறு" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், விளைந்த இடத்தில் வந்த குறையா, மூட்டையில் வந்த குறையா என்று படிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

எனவே என் முன்மொழிவு: தண்ணீர் ஏற்காத குணம் ஊறாமை, ஊறியும் மசியாத குணம் வேகாமை. பயறைச் சொல்ல ஊறாப் பயறு, வேகாப் பயறு. செல்லாக்காசு, தீராப்பகை என்று நாம் நாள்தோறும் புழங்கும் அதே அமைப்பு, யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வேகாமைக்குப் போன வாரம் வந்த "கடினச் சமையல் குறைபாடு" என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை, படித்தால் சமைக்கிறவருக்குத்தான் கஷ்டம் என்று தோன்றுகிறது.

தேவகோட்டை அம்மா "அரைவேக்காடு இருக்கிறதே" என்று கேட்டிருந்தீர்கள். அரைவேக்காடு அடுப்பை முன்னதாக அணைத்ததால் வருவது, இன்னும் கொஞ்சம் வைத்தால் சரியாகிவிடும். வேகாமை பயறுக்குள்ளேயே இருப்பது. அதனால் அதை இங்கே எடுத்தாள முடியாது.

மண், மழை, வெயில், உரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வந்த மூன்று சொற்களில் "விளைசூழல்" நன்றாக இருக்கிறது, விளைநிலம் மாதிரி வாயில் நிற்கிறது. "வளர்ப்பு நிலைமைகள்" என்றால் ஆடு மாடு நினைவுக்கு வருகிறது.

விதைப் பரிசோதனையில் முளைக்காமல் கல்லாகக் கிடப்பதைக் "கடினவிதை" என்று எழுதும் வழக்கம் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம், ஊறாமையை அந்த விதையின் குணத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். புதுக்கோட்டைக்காரர்கள் யாராவது வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்துப் பக்கம் போனால், வேகாத உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் அங்கே வரும் விவசாயிகள் என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் இதைவிட நல்லது இருந்தால் என் இரண்டையும் எடுத்துவிடலாம்.