'கண்டுபிடி' என்ற ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் எதை எங்கே போடுவது?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். சாவியைக் கண்டுபிடித்தேன், பெனிசிலினைக் கண்டுபிடித்தார், தொலைபேசியைக் கண்டுபிடித்தார், திருடனைக் கண்டுபிடித்தார்கள், விடையைக் கண்டுபிடி. தமிழில் ஐந்துக்கும் ஒரே சொல்தான். அகராதியைத் திறந்தால் ஃபைண்ட், டிஸ்கவர், இன்வென்ட், டிடெக்ட், ஃபைண்ட் அவுட் என்று வரிசையாக நிற்கின்றன. பட்டியலாக மனப்பாடம் செய்தால் பேசும்போது குழம்புகிறது. எக்ஸ்ப்ளோர் என்றால் சுற்றிப் பார்ப்பதா, ஆராய்வதா என்பதும் பிடிபடவில்லை. அன்றாடப் பேச்சுக்கும் செய்தி வாசிக்கவும் போதுமான அளவுக்கு யாராவது விளக்க முடியுமா?

சொல்லேர்:

ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன் தமிழ் வாக்கியத்தில் 'கண்டுபிடி'யை எடுத்துவிட்டு வேறொரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள். உருவாக்கு, கண்டெடு, கண்டறி, தெரிந்துகொள் என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. பேச்சில் எல்லாவற்றையும் கண்டுபிடியிலேயே அடக்கிவிடுகிறோம், அவ்வளவுதான். அதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

'உருவாக்கினார்' என்று மாற்ற முடிந்தால் இன்வென்ட். தொலைபேசிக்கு பெல் 1876-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அப்படி ஒரு கருவி மரத்திலும் காய்க்கவில்லை, மண்ணிலும் கிடக்கவில்லை. ஆகவே இன்வென்ட்.

ஏற்கெனவே இருந்து, யாருக்கும் தெரியாமல் இருந்தது என்றால் டிஸ்கவர். ஃப்ளெமிங் 1928-இல் பெனிசிலினை டிஸ்கவர் செய்தார், பூஞ்சை அதற்கு முன்பும் அந்தப் பொருளைச் சுரந்துகொண்டுதான் இருந்தது. அதே 1928 பிப்ரவரி 28-இல் வெளிப்பட்ட ராமன் விளைவும் இப்படித்தான். ஒளி அன்றைக்குத்தான் அப்படிச் சிதறத் தொடங்கியது என்று இல்லை. எனவே 'ராமன் இன்வென்டட்' என்று எழுதினால் தவறு, 'ராமன் டிஸ்கவர்ட்' என்பதே சரி. சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மனிதர் பிறக்காமலே இருந்திருந்தாலும் அந்தப் பொருள் உலகில் இருந்திருக்குமா? ஆம் என்றால் டிஸ்கவர். ராண்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிரை டிஸ்கவர் செய்தார். அந்தக் கதிரைக் கொண்டு படம் எடுக்கும் இயந்திரம் இன்வென்ஷன்.

'கண்டெடுத்தேன்' அல்லது 'கிடைத்துவிட்டது' என்றால் ஃபைண்ட். சாவி, பணப்பை, காணாமல் போன ஆடு எல்லாம் இதில் அடங்கும். 'தெரிந்துகொண்டேன்' என்றால் ஃபைண்ட் அவுட். இது தகவலுக்கு மட்டும்தான்: ரயில் எத்தனை மணிக்கு, அலுவலகம் எங்கே, யார் சொன்னது என்பவை. 'ஐ ஃபவுண்ட் அவுட் மை கீஸ்' என்று சொல்லவே கூடாது. சாவி தகவல் இல்லை, பொருள். நம் ஊரில் அடிக்கடி கேட்கும் 'ஐ கேம் டு நோ தட்' என்பதற்குப் பதிலாகவும் 'ஐ ஃபவுண்ட் அவுட் தட்' என்று பழகுங்கள், பேச்சில் அதுவே இயல்பாக ஒலிக்கும்.

கருவி வைத்தோ சோதனை செய்தோ, கண்ணுக்கு எளிதில் படாததைக் கண்டறிந்தால் டிடெக்ட். கேஸ் கசிவு, நோய், வரி ஏய்ப்பு எல்லாம் இதன்கீழ் வரும். திருடனுக்கு மட்டும் இதைப் போடாதீர்கள். பிடித்துவிட்டார்கள் என்றால் காட், தடம்பற்றிப் போய்ப் பிடித்தார்கள் என்றால் ட்ராக்ட் டௌன்.

யோசித்தோ கணக்குப் போட்டோ விடை காண்பது வொர்க் அவுட், ஃபிகர் அவுட். 'டிஸ்கவர் தி ஆன்சர்' என்பது இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கணக்கு வகுப்பில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

விண்மீன்வழி:

சொல்லேர் சொன்ன முறை நன்றாக வேலை செய்யும். ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவை. டிஸ்கவர் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதில்லை. பேருந்தில் ஏறிய பிறகு பர்ஸ் இல்லை என்று தெரிய வந்தால் 'ஐ டிஸ்கவர்ட் தட் மை வாலட் வாஸ் மிஸ்ஸிங்' என்பது சரியான அன்றாட ஆங்கிலம். 'எதிர்பாராமல் தெரிய வந்தது' என்ற சாயல் இருந்தால் போதும்.

ஒரே நிகழ்ச்சியில் எத்தனை சொற்கள் தம் தம் இடத்தில் உட்காரும் என்று பார்க்க இரண்டு கோள்களின் கதையை எடுத்துக்கொள்ளலாம். 1781 மார்ச்சில் ஹெர்ஷல் தொலைநோக்கியில் ஒரு புள்ளியைப் பார்த்தார். இங்கே ஸ்பாட்டட், அதாவது கூட்டத்துக்கு நடுவே கண்ணில் தட்டுப்பட்டது. முதலில் அதை வால்மீன் என்று நினைத்தார். மிஸ்டுக் இட் ஃபார் எ காமெட், ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டார். பிறகு மற்ற வானியலாளர்கள் அதன் பாதையைக் கணக்கிட்டார்கள், அது வொர்க்ட் அவுட். கோள் என்று உறுதியான பின்தான் 'ஹெர்ஷல் டிஸ்கவர்ட் யுரேனஸ்' என்ற வாக்கியம் பிறக்கிறது.

நெப்டியூன் இதற்கு நேர் எதிர். யுரேனஸின் பாதை தடம் விலகியதை வைத்து லெ வெரியே புதிய கோள் இருக்க வேண்டிய இடத்தைக் காகிதத்திலேயே கணக்கிட்டார்: ப்ரிடிக்டட். பெர்லினில் காலே என்ற வானியலாளர் 1846 செப்டம்பர் 23 இரவு அந்த இடத்தில் தேடினார்: லுக்ட் ஃபார். சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே கிடைத்தது: ஃபவுண்ட். தேடுவது லுக் ஃபார், கிடைப்பது ஃபைண்ட். 'ஐ ஆம் ஃபைண்டிங் மை ஃபோன்' என்று சொல்பவர் உண்மையில் சொல்ல நினைப்பது 'லுக்கிங் ஃபார்'. இந்த ஒரு பிழையை நிறுத்தினாலே பேச்சு பளிச்சென்று மாறிவிடும்.

தேடாமலே எதிர்ப்பட்டால் கேம் அக்ராஸ். பழைய புத்தகக் கடையில் ஒரு நல்ல அகராதி கண்ணில் பட்டால் இதுதான்.

தாழிமண்:

செய்தி வாசிக்க என்றும் கேட்டிருக்கிறீர்கள். அகழாய்வுச் செய்திகள் இதற்கு நல்ல பயிற்சிக் களம், ஒரே பத்தியில் நாலைந்து சொற்கள் வந்துவிடும். கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014-15-இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது, பிறகு தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது.

எக்ஸ்கவேட் என்ற வினைக்குப் பின் பெரும்பாலும் இடம் வரும்: 'தே எக்ஸ்கவேட்டட் தி சைட்'. அனர்த் என்பதற்குப் பின் பொருள் வரும்: 'தே அனர்த்ட் பாட்ஷெர்ட்ஸ்', பானை ஓடுகளை வெளிக்கொணர்ந்தார்கள். இடத்தைத் தோண்டுகிறோம், பொருளை எடுக்கிறோம் என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே வேறுபாடு விளங்கும். பேச்சில் இரண்டுக்கும் டிக் போதும், பொருளை வெளியே எடுத்தால் டிக் அப். அதன் இறந்த காலம் டக். டிக்டு என்று ஒரு வடிவம் கிடையாது.

இறந்த காலம் என்றதும் இன்னொரு பொறி. ஃபைண்ட் என்பதன் இறந்த காலம் ஃபவுண்ட். ஆனால் ஃபவுண்ட் என்றே தனியாக ஒரு வினைச்சொல்லும் உண்டு, நிறுவு என்று பொருள். அதன் இறந்த காலம் ஃபவுண்டட். 'ஹி ஃபவுண்டட் எ ஸ்கூல்' என்றால் பள்ளியைத் தொடங்கினார். 'ஹி ஃபவுண்ட் எ ஸ்கூல்' என்றால் தேடி ஒரு பள்ளி கிடைத்தது.

எவிடென்ஸ், ரிசர்ச் இரண்டையும் எண்ணாதீர்கள். எவிடென்ஸஸ், எ ரிசர்ச் என்பவை நம் விண்ணப்பங்களிலும் கட்டுரைகளிலும் நிறைந்திருக்கின்றன. ஒரு சான்று என்பதற்கு 'எ பீஸ் ஆஃப் எவிடென்ஸ்', ஓர் ஆய்வு என்பதற்கு 'எ ஸ்டடி' என்று சொல்லுங்கள். டிஸ்கவரியை எண்ணலாம், ஆனால் அதற்குத் துணை வினை மேக்: 'மேட் எ டிஸ்கவரி'. டூ போடக்கூடாது.

வைகைக்கரை:

மிக்க நன்றி. லுக் ஃபார், ஃபைண்ட் வேறுபாடு இப்போது தெளிவாகிவிட்டது. எக்ஸ்ப்ளோர் பற்றியும், பயணத்துக்கான சொற்கள் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

திசைகாட்டி:

எக்ஸ்ப்ளோர் என்பது தெரியாத இடத்துக்குள் போய், என்ன இருக்கிறது என்று பார்த்தபடி நகர்வது. எதுவும் கிடைக்காவிட்டாலும் எக்ஸ்ப்ளோர் செய்தது செய்ததுதான். 2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் பிரக்யான் ஊர்தி தரையில் உருண்டு போனது எக்ஸ்ப்ளோர், மண்ணில் கந்தகம் இருப்பதைக் கருவி காட்டியது டிடெக்ட். நீங்கள் கேட்ட 'சுற்றிப் பார்ப்பது', 'ஆராய்வது' இரண்டுமே சரிதான். பின்னால் ஊரோ காடோ வந்தால் முதல் பொருள், யோசனையோ வழியோ வந்தால் இரண்டாவது: 'லெட்ஸ் எக்ஸ்ப்ளோர் அதர் ஆப்ஷன்ஸ்'. எதுவானாலும் இதன் பின் அபௌட் போடாதீர்கள். டிஸ்கஸ் அபௌட் போலவே எக்ஸ்ப்ளோர் அபௌட்டும் பிழை. 'ரீச்ட் டு' என்பதும் அப்படித்தான். அமுன்சன் 1911 டிசம்பர் 14-இல் 'ரீச்ட் தி சவுத் போல்', நடுவில் டு கிடையாது.

அவர் போனது எக்ஸ்பெடிஷன்: குழு, கருவி, குறிக்கோள் மூன்றும் உள்ள பயணம். கடலிலோ விண்வெளியிலோ நீண்ட பயணம் வாயேஜ், இதை வாயிஜ் என்று உச்சரிக்க வேண்டும். போய்விட்டுத் திரும்பும் சாதாரணப் பயணம் ட்ரிப். ட்ராவல் பொதுச்சொல், 'எ ட்ராவல்' என்று ஒன்று இரண்டாக எண்ண முடியாது. கிளம்பினார்கள் என்பதற்கு செட் அவுட், செட் ஆஃப் இரண்டும் பொருந்தும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 1498-இல் வாஸ்கோ ட காமா இந்தியாவை டிஸ்கவர் செய்தார் என்று எழுதாதீர்கள். கோழிக்கோட்டில் சந்தையும் துறைமுகமும் அரசனும் ஏற்கெனவே இருந்தார்கள். 'ரீச்ட் இந்தியா பை ஸீ' என்பதே நடந்ததைச் சொல்லும். டிஸ்கவர் என்று எழுதும்போதெல்லாம் 'யாருக்குத் தெரியாமல் இருந்தது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: பிரித்தெடுத்த தமிழ்ச் சொல், ஆங்கில வினை, அதன் பின் வரும் பெயர்ச்சொல். மூன்றாவது பத்திதான் முக்கியம். டிடெக்ட் என்று தனியாக எழுதாமல் 'டிடெக்ட் எ லீக்' என்று எழுதினால் பேசும்போது சொல் தன் துணையோடு வரும். நாளுக்கு நான்கு சொற்கள் போதும், ஒவ்வொன்றுக்கும் இறந்த காலத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதி வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஸ்கவரியில் அழுத்தம் 'கவ்' மேல், எக்ஸ்கவேட்டில் 'எக்ஸ்' மேல், எக்ஸ்பெடிஷனில் 'டி' மேல். மூன்றாம் நாள் தமிழ்ப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறைத்துச் சொல்லிப் பாருங்கள். தடுமாறுகிற சொல்லை மறுநாள் நான்கில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.