வீவக நடைவழி உணர்கருவிக்கு ஹைட்ரஜன் செல்: 25 நிமிடத்தில் வோல்ட் விழுகிறது

கேள்வி:
வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) புளோக் நடைவழியில் வெப்பமும் ஈரப்பதமும் அளந்து லோரா என்ற குறைமின் ரேடியோவில் அனுப்பும் கருவிக்கு இரண்டு செல் பெம் அடுக்கு (சவ்வின் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் வைத்து மின்சாரம் தரும் எரிபொருள் செல்) வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செல்லும் 5 சதுர செ.மீ.; காற்றுப் பக்கம் திறந்தது, விசிறி இல்லை. மெட்டல் ஹைட்ரைடு குப்பியிலிருந்து (ஹைட்ரஜனை உலோகத்தில் உறிஞ்சி வைக்கும் கலன்) 0.3 பாரில் ஹைட்ரஜன் வருகிறது, ஹைட்ரஜன் பக்கத்தின் வெளிமுனை அடைத்திருக்கிறது. சுமை இல்லாதபோது 1.9 வோல்ட். 100 மில்லியாம்ப் சோதனைச் சுமையில் 1.3, 25 நிமிடத்தில் 0.8. மழை நாளில் இன்னும் சீக்கிரம் இறங்குகிறது, ஏர்கான் அறையில் நன்றாக ஓடுகிறது. கருவிக்குச் சராசரியாக 1 மில்லிவாட் போதும்.

பதில் 1:
முதலில் இரண்டு செல்லையும் தனித்தனியே அளந்து பாருங்கள். ஒன்று 0.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சுமையை உடனே எடுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் கிடைக்காத செல் எதிர்மறைக்குத் திரும்பினால் வினையூக்கி கெடும், அது திரும்ப வராது.

பிறகு வெளிமுனையை அரை விநாடி திறந்து மூடுங்கள். வோல்ட் சட்டென ஏறினால் சவ்வு வழியே வந்த நைட்ரஜனும் நீரும் ஹைட்ரஜன் பக்கம் தேங்கியிருக்கின்றன. 5 நிமிடத்துக்கு ஒரு முறை திறந்தால் போதும். ஏறாவிட்டால் காற்றுப் பக்கம் நனைந்திருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் அங்கே உருவாகும் நீர் ஆவியாக இடமில்லை. 25 மி.மீ. விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
திறந்ததில் 0.05 வோல்ட்தான் ஏறியது. விசிறி வைத்ததும் 3 நிமிடத்தில் 1.25. ஹைட்ரஜன் குழாய் சிலிக்கான், உள்விட்டம் 3, வெளிவிட்டம் 5 மி.மீ., 30 செ.மீ. நீளம். அது சரிதானே?

பதில் 2:
குழாயை இன்றே மாற்றுங்கள். சிலிக்கான் ஹைட்ரஜனைத் தாராளமாகக் கசியவிடும். அந்த நீளத்துக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 மி.லி. போய்விடும். நைலான் போடுங்கள்.

ஆனால் குழாயை மாற்றினாலும் போகாத இழப்பு ஒன்று இருக்கிறது. சவ்வு வழியே ஹைட்ரஜன் தானாகக் கடப்பது சதுர செ.மீ.க்கு சுமார் 1 மில்லியாம்ப் மின்சாரம் தர ஆகும் ஹைட்ரஜனுக்குச் சமம். உங்கள் இரண்டு செல்லுக்கு நாளைக்கு 100 மி.லி.க்கு மேல் ஆகும், கருவி தூங்கினாலும் சரி. கருவிக்கு உண்மையில் வேண்டியது 17 மி.லி. மட்டும். அதனால் செல்லை எப்போதும் ஓடவிடக் கூடாது. வாரத்துக்கு இரு முறை, ஒரு மணி நேரம், 100 மில்லியாம்பில் ஓட்டி, வோல்ட்டை உயர்த்தும் பூஸ்ட் கன்வர்ட்டர் வழியாகச் சிறிய லித்தியம் பேட்டரியில் ஏற்றுங்கள். ஒரு ஓட்டம் நான்கு நாளுக்கு மேல் தாங்கும். ஹைட்ரஜன் வால்வு லாட்சிங் வகையாக (திறக்க, மூட மட்டும் மின்சாரம் எடுப்பது) இருக்கட்டும், சாதாரண சோலினாய்டு திறந்திருக்கும் வரை மின்சாரம் குடிக்கும். நிறுத்தும்போது வால்வை மூடி, மீதி ஹைட்ரஜன் தீர சிறிய மின்தடையை இணைத்து வையுங்கள்.

பதில் 3:
1 மில்லிவாட்டுக்கு டி அளவு லித்தியம் தயோனில் குளோரைடு செல் (சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி) ஒன்றே பல ஆண்டு ஓடும். 100 மில்லிவாட் போன்ற தேவைக்குத்தான் ஹைட்ரஜன் பலன் தரும். கற்றுக்கொள்ளச் செய்கிறீர்கள் என்றால், ஹைட்ரஜன் செல் வைக்கும் பெட்டியின் உச்சியில் துளை போட மறக்காதீர்கள்: ஹைட்ரஜன் மேலே போகும், காற்றில் 4% சேர்ந்தாலே தீப்பிடிக்கும். பேட்டரியும் மின்பலகையும் அந்தப் பெட்டிக்குள் வேண்டாம்.