இருபத்தைந்தாவது கல்யாண நாளும் லாஸ் வேகாஸும்

போன வாரம் இங்கே ஒரு தங்கை, பத்தாவது கல்யாண நாளுக்குக் கணவருடன் லாஸ் வேகாஸ் போகலாமா, சூதாடாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். எந்த ஓட்டல், எந்த ஷோ என்று பலரும் எழுதிவிட்டீர்கள். நாங்கள் அங்கே சந்தித்த மனிதர்களைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. கொஞ்சம் நீளம். இதில் ஒரு பகுதி என் வீட்டுக்காரரைப் பற்றியது என்பதால் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறோம். காரில் ஐந்து மணி நேரம். கல்யாணமான புதிதில், 2000-இல், ஒருமுறை போயிருந்தோம். அப்போது கையில் காசு கிடையாது. மிராஜ் ஓட்டல் வாசலில் செயற்கை எரிமலை வெடிப்பதையும் பெலாஜியோ நீரூற்றையும் இலவசமாகப் பார்த்துவிட்டு, மலிவான பஃபேயில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அந்த இரண்டு நாளை நாங்கள் பேசாத வருஷமே இல்லை. அதனால்தான் 2024 டிசம்பரில், இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு, அதே ஊருக்குப் போகலாம் என்றேன்.

மிராஜ் அந்த ஜூலையிலேயே மூடிவிட்டது. எரிமலையும் அதோடு போயிற்று. ட்ராபிகானா ஓட்டலை அக்டோபரில் வெடி வைத்துத் தகர்த்திருந்தார்கள். அதற்கு மாறாக ஸ்ஃபியர் என்று 366 அடி உயரத்தில் ஓர் உருண்டை அரங்கம், வெளிப்புறம் முழுக்கத் திரையாக, ராத்திரியில் கண்ணைத் திறந்து மூடுகிறது. பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிமலை இருந்த இடத்தைக் கடக்கும்போது எனக்கு மனசு கனத்துவிட்டது.

பெலாஜியோ நீரூற்று மட்டும் 1998-இல் தொடங்கியபடியே ஆடிக்கொண்டிருந்தது. அங்கேதான் முதல் ஆள். தொப்பி போட்ட ஒரு பெரியவர், எண்பது வயதிருக்கும், தனியாகக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த இடத்தில் முன்பு ட்யூன்ஸ் என்ற ஓட்டலும் கோல்ஃப் மைதானமும் இருந்தன, தான் அங்கே பாரில் வேலை பார்த்தவன் என்றார். 1993-இல் அதை இடித்தபோது கூட்டத்தோடு நின்று பார்த்தாராம். “இந்த ஏரிக்கு வரும் தண்ணீர் அந்த கோல்ஃப் புல்லுக்குப் பாய்ச்சிய கிணற்றுத் தண்ணீர்தான். கட்டடம் போனாலும் கிணறு இருக்கிறது பாருங்கள்” என்றார். மனைவி போன பிறகு மாதம் ஒருமுறை வந்து ஒரு பாட்டு முழுக்கப் பார்த்துவிட்டுப் போவாராம். எங்களுக்காக இன்னொரு பாட்டும் நின்றார்.

அடுத்த நாள் பகலில் நடந்ததை, போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையில் நடக்கும்போது ஒரு பையன் சிரித்த முகத்தோடு வந்து, இரண்டு பேருக்கு ஷோ டிக்கெட் இலவசம், தொண்ணூறு நிமிஷம் ஒரு விளக்கம் கேட்டால் போதும் என்றான். அது டைம்ஷேர் விற்பனை, அதாவது விடுமுறை விடுதியில் வருஷத்தில் சில நாள் தங்கும் உரிமையை விற்பது. தொண்ணூறு நிமிஷம் நாலு மணி நேரம் ஆயிற்று. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மேலே ஒருவர், அவருக்கு மேலே ஒருவர் என்று வந்து விலையைக் குறைத்துக்கொண்டே போனார்கள். எங்களிடம் பேசிய பையனுக்கு எங்கள் மகன் வயதுதான். கடைசியில் அவனிடம், “சாப்பிட்டாயா தம்பி?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவன் ஃபைலை மூடிவிட்டு, மூன்று வாரமாக ஒன்றுகூட விற்கவில்லை, விற்றால்தான் சம்பளம் என்றான். எங்களை வெளியே கூட்டிக்கொண்டுவந்து விட்டதும் அவன்தான். விடுமுறையில் ஒரு பகல் போனது போனதுதான். அவன்மேல் மட்டும் கோபம் வரவில்லை.

அறை வாடகை பற்றியும் ஒரு வார்த்தை. இணையத்தில் நாங்கள் பார்த்த விலை ஒன்று, கவுண்டரில் ரிசார்ட் கட்டணம் என்று ஓட்டல் வசதிகளுக்காகத் தனியாகப் போடுவதையும் சேர்த்துக் கட்டியது வேறு. 2025 மே மாதத்திலிருந்து முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இருந்தாலும் பார்க்கிங்குக்கு எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண நாளன்று என் கூறைப்புடவையைக் கட்டிக்கொண்டேன். குளிர் நன்றாக இருந்ததால் மேலே கோட்டு. நம் ஊரில் முகூர்த்தம் பார்த்து மாதக்கணக்கில் ஓடுகிறோம், இங்கே நினைத்த நாளில் கல்யாணம் செய்கிறார்களே, அதைப் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ரொம்ப நாள் ஆசை. பழைய டவுன்டவுனில் திருமண உரிமம் தரும் அலுவலகம் வருஷம் முழுக்கக் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கிறது. கட்டணம் 102 டாலர். காத்திருக்கும் காலம் என்று எதுவும் இல்லை, உரிமத்தை வாங்கிக்கொண்டு நேராகச் சின்னத் தேவாலயங்களுக்குப் போய்விடுகிறார்கள்.

அப்படி ஒன்றின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை கவுன் போட்ட பெண் ஒருத்தி ஓடி வந்தாள். ஒஹாயோவிலிருந்து வந்திருக்கிறார்கள், சாட்சியாக நிற்க வேண்டிய தோழியின் விமானம் தாமதம். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் கல்யாணத்தை நடத்திவைப்பவரைத் தவிர ஒரு சாட்சியாவது வேண்டும். அங்கே வேலை செய்பவர்களே நிற்பார்கள்தான். ஆனால் என் புடவையைப் பார்த்துவிட்டு, “இன்றைக்கு உங்களுக்கும் விசேஷமா?” என்று கேட்டாள். இருபத்தைந்து வருஷம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படியானால் நீங்கள்தான் நிற்க வேண்டும்” என்றாள்.

பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவள் பக்கம் நானும் மாப்பிள்ளை பக்கம் இவரும் நின்றோம். மாப்பிள்ளைக்குக் கை நடுங்கி மோதிரம் விரலில் ஏறவில்லை. என் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இருபத்தைந்து வருஷத்தில் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டபோது எனக்கு அழுகைதான் வந்தது. இவர்தான் சொன்னார்: “சண்டை போட்ட அன்றைக்கும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.” எங்கள் வீட்டில் அப்படித்தான். ஆனால் அதை இவர் கவனித்து வைத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி அவரைப் பற்றிய பகுதி. சூதாட்டத்துக்கு மூன்று நாளுக்கும் சேர்த்து 200 டாலர், அது போனால் எழுந்துவிடுவது என்று பேசி வைத்திருந்தோம். இவர் கணக்கில் புலி. ரூலெட் என்ற சூதாட்டச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யத்தோடு 38 எண்கள், ஜெயித்தால் தருவதோ ஒன்றுக்கு 35, அதனால் நூறு டாலர் வைத்தால் சராசரியாக ஐந்தேகால் டாலர் அவர்களுக்குத்தான் என்று வரும் வழியிலேயே எனக்கு விளக்கினார். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்ட மேசையில் ‘6:5’ என்று எழுதியிருந்தால் உட்காரக் கூடாது, முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்து ஜெயித்தால் பத்து டாலருக்கு 15 தர வேண்டிய இடத்தில் 12தான் தருவார்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

கடைசி ராத்திரி மூன்று மணிக்கு விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கீழே இறங்கினேன். அந்தக் கூடத்தில் கடிகாரமும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. மதியம் பார்த்த அதே வெளிச்சம், அதே சத்தம். இவர் 6:5 மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க” என்றேன். திரும்பவில்லை. “ஒரே ஒரு கை ம்மா, வந்துடறேன்.”

என்னைப் பார்த்தது சீட்டுப் போடும் அம்மாதான். அங்கே பெயர் அட்டையில் ஊரும் எழுதியிருக்கும், அவருடையதில் மணிலா. அந்த நேரம் அவரை மாற்ற அடுத்த டீலர் வந்தார். அந்த மணிலா அம்மா இரண்டு கையையும் ஒருமுறை தட்டி, விரித்து, திருப்பிக் காட்டினார். கையில் எதுவும் இல்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டுவது அது. பிறகு என் கணவரிடம், “சார், எனக்கு இடைவேளை. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். குரலில் அதட்டல் எதுவும் இல்லை, வீட்டுப் பெரியவர் சொல்வது போலத்தான் இருந்தது. இவர் எழுந்துவிட்டார். அந்த அம்மா என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, “என் கணவரும் இப்படித்தான். நான் கூப்பிட வரவில்லை. நீங்கள் வந்தீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரைக் கூடச் சரியாகப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

எவ்வளவு போயிற்று என்றேன். நானூறு என்றார். சரி என்று படுத்துக்கொண்டேன்.

காலையில் கிளம்பினோம். ஊரைத் தாண்டி அரை மணி நேரத்தில் ஹூவர் அணை. நெவாடாவில் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்ததும், இந்த அணை வேலை ஆரம்பித்ததும் ஒரே வருஷம், 1931. அணைக்கு எதிரே 2010-இல் திறந்த பெரிய பாலத்தில் நடைபாதை உண்டு. ஆறு கிட்டத்தட்ட 900 அடி கீழே. அணைக்குப் பின்னால் ஏரி, தண்ணீர் இறங்கிப்போனதால் பாறையைச் சுற்றி வெள்ளைப் பட்டையாக ஒரு கோடு. முன்பு தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அதில் தெரியும்.

அந்தப் பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இவர் சொன்னார். “நானூறு இல்ல ம்மா. ஆயிரத்து எழுநூறு.” ஏ.டி.எம்.முக்கு நாலு தடவை போயிருக்கிறார். விட்டதைப் பிடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்தாராம். கணக்குத் தெரிந்தும் எப்படி உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்றார்.

காற்று பலமாக அடித்தது. எனக்குக் கோபம் இருந்தது, அவருக்கும் அது தெரிந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வாங்க, சாப்பிடலாம்” என்றேன். காரில் முதல் நாள் வாங்கிய ரொட்டியும் ஆரஞ்சும் இருந்தன.