ஆரம்பாக்கம் கொட்டகையில் இறங்கிய பறக்கும் தட்டு

சூலூர்பேட்டையிலிருந்து:

பழைய அறிவியல் புனைவுப் படங்களைப் பார்த்த அனுபவங்களை எழுதலாம் என்று பேச்சு வந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது 1963-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கலை அரசி’. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அந்தப் படத்தை, இந்தியத் திரையில் வேற்றுக்கிரகவாசிகளைக் காட்டிய முதல் படம் என்று சொல்வது வழக்கம். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் அதைக் கொட்டகையில் பார்த்தவர்கள் இன்னும் சிலராவது இருப்பீர்கள் என்பதால் நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் குடும்பம் ஆந்திராவின் சூலூர்பேட்டையில் மூன்று தலைமுறையாக இருக்கிறது. வீட்டுக்குள் தமிழ், வாசற்படியைத் தாண்டினால் தெலுங்கு. பள்ளியில் நான் படித்தது தெலுங்கு எழுத்து. தமிழ் எழுத்தைச் சினிமாச் சுவரொட்டிகளிலிருந்துதான் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றேன். பழைய எம்.ஜி.ஆர். படம் பார்க்க வேண்டுமென்றால் பாசஞ்சர் ரயிலேறி, தடாவைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஆரம்பாக்கத்தில் இறங்க வேண்டும். அங்கே அத்தை வீடு இருந்தது. நடந்து போகும் தூரத்தில் ஒரு டூரிங் கொட்டகையும் இருந்தது. 1979-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, அத்தை வீட்டில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நானும் அப்பாவும் மாமாவும் அந்தக் கொட்டகைக்குப் போனோம். தரை டிக்கெட் எடுத்து, மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வேறொரு கிரகத்தில் விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது. ஆனால் இசை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, பூமியிலேயே சிறந்த பாடகியைக் கொண்டு வருவதற்காகத் திண்ணா என்பவன் இறங்குகிறான். திண்ணாவாக நடித்தவர் எம்.என். நம்பியார். கிராமத்துப் பெண்ணான வாணியை அவன் தூக்கிப் போக, அவளைக் காதலிக்கும் மோகன் பின்தொடர்ந்து அந்தக் கிரகத்துக்கே போய்ச் சேருகிறான். பானுமதிக்கு இரட்டை வேடம், எம்.ஜி.ஆருக்கும் இரட்டை வேடம். அந்தக் கிரகத்தில் மோகனைப் போலவே தோற்றமுள்ள ஒரு கோமாளி இருக்கிறான். அவனுடைய இடத்தில் மோகன் எப்படி வந்து சேர்ந்தான் என்பது மட்டும் எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை. பக்கத்திலிருந்த மாமாவைக் கேட்டேன். அவருக்கும் விளங்கவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளாமல், ‘பேசாமப் பாரு’ என்றார்.

பறக்கும் தட்டு திரையில் வந்தபோது கொட்டகை முழுவதும் விசில் பறந்தது. அப்பா மட்டும் சிரித்தார். அவர் அப்போது ஸ்ரீஹரிகோட்டா தீவில் கட்டட வேலையில் இருந்த கொத்தனார். தினமும் விடியுமுன் வண்டியேறி, பழவேற்காடு ஏரியின் குறுக்கே போடப்பட்ட சாலை வழியாகத் தீவுக்குப் போய், நுழைவாயிலில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ‘இது நம்ம ஊர்ப் பக்கம் இறங்கியிருந்தா கேட்டிலேயே நிறுத்திப் பாஸ் கேட்டிருப்பான்’ என்று அவர் சொன்னது பின்வரிசை வரை கேட்டு, அங்கிருந்தவர்களும் சிரித்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ராக்கெட் புதிதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1971 அக்டோபரிலேயே தீவிலிருந்து சிறிய ரோகிணி ராக்கெட்டுகள் கிளம்பத் தொடங்கிவிட்டன. ஆனால் படம் எடுக்கப்பட்ட காலம் வேறு. ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியாவிலிருந்து ஏவப்பட்ட முதல் விண்வெளி ஆய்வு ராக்கெட், கேரளத்தின் தும்பாவிலிருந்து எழும்பியது 1963 நவம்பர் 21-ஆம் தேதி; ‘கலை அரசி’ அதே ஆண்டு ஏப்ரலிலேயே திரைக்கு வந்துவிட்டது. அதாவது, நம் மண்ணிலிருந்து ஒரு ராக்கெட்டாவது மேலே போவதற்கு முன்பே சென்னையில் யாரோ ஒரு தச்சரும் ஒரு வண்ணம் பூசுபவரும் சேர்ந்து வேற்றுக்கிரகத்தைக் கட்டி முடித்திருந்தார்கள். பார்த்து வரைவதற்கு அவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது, அந்த அரங்கங்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை.

படம் பார்த்த சில வாரங்களில், ஆகஸ்ட் 10-ஆம் தேதி காலையில், எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. மொட்டைமாடியில் நின்று பார்த்தோம். ஏறக்குறைய 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட அந்த ராக்கெட், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஏற்பட்ட கசிவினால் வழி தவறி, கிளம்பிய ஐந்தரை நிமிடத்துக்குள் வங்கக் கடலில் விழுந்தது. அப்பா அன்று மாலை வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. நான் அவரிடம் போய், தட்டு மட்டும் எப்படி ஒழுங்காகப் போய்த் திரும்பியது என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காக முதுகில் ஓர் அடி வாங்கினேன். மறு ஆண்டு ஜூலை 18-ஆம் தேதி அடுத்த எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது அவரே எனக்கு மிட்டாய் வாங்கி வந்தார்.

இன்னும் இரண்டு காட்சிகள் என் மனத்தில் அப்படியே இருக்கின்றன. ஒன்று, தட்டைச் சுற்றி வானம் நிறைய மினுங்கி மினுங்கி ஓடிய நட்சத்திரங்கள். மற்றொன்று, ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்த நம்பியார் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறோர் இடத்தில் நின்றது. அவ்வளவு குறைந்த வசதியில் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று இன்றும் வியக்கிறேன்.

தடாவிலிருந்து:

மேலே எழுதியவரின் வியப்பைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். என் தகப்பனார் அந்த வட்டாரத்துக் கொட்டகைகளில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆபரேட்டராக இருந்தவர். நானும் பள்ளி முடிந்து போய் ரீல் சுற்றிக் கொடுத்தவன். அந்த இரண்டு காட்சிகளையும் செய்தவர்கள் படம் எடுத்தவர்கள் அல்லர் என்றே நினைக்கிறேன். அவற்றைச் செய்தது என் தகப்பனாரைப் போன்றவர்களின் இயந்திரம்.

நகரத்துத் தியேட்டர்களில் ஓடி, பிறகு சிற்றூர்த் தியேட்டர்களில் ஓடி, கடைசியாகத்தான் படப்பெட்டி டூரிங் கொட்டகைக்கு வரும். பதினாறு ஆண்டுகள் பழைய படத்தின் பிரிண்ட் எந்த நிலையில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘மழை பெய்கிறது’ என்று கொட்டகையில் சொல்வார்களே, அது படச்சுருளின் மேல் விழுந்த கீறல்கள்தாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. படம் பதிந்திருக்கும் பூச்சு எங்கே உரிந்துவிடுகிறதோ அங்கே விளக்கின் வெளிச்சம் தடையில்லாமல் ஊடுருவித் திரையில் வெள்ளையாக விழும். பகல் காட்சியில், வெள்ளை வேட்டியின் மேலோ வெளிறிய வானத்தின் மேலோ விழும் வெள்ளைப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. இருட்டுக் காட்சியில் அத்தனையும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில், கறுப்பு வானத்தின் நடுவே ஒரு தட்டு மிதக்கும்போது, சுருளின் ஒவ்வொரு படச் சட்டத்திலும் ஒவ்வோர் இடத்தில் புள்ளி விழுந்தால், அது மினுங்கி ஓடும் நட்சத்திரம் இல்லாமல் வேறென்ன?

நம்பியார் இடம் மாறியதற்கும் இதே கதைதான். ஓடும்போது படச்சுருள் அறுந்தால், அறுந்த முனைகளை வெட்டி, பூச்சைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் தடவி ஒட்ட வேண்டும். ஒவ்வோர் ஒட்டிலும் சில சட்டங்கள் போய்விடும். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவதால், ஒன்றிரண்டு போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதே இடத்தில் ஊர் ஊராக அறுந்து, ஊர் ஊராக ஒட்டினால், நடந்து போகிறவர் நடையையே இழந்துவிடுவார். குடும்பப் படத்தில் இப்படி நடந்தால் ஆபரேட்டரைத் திட்டுவார்கள். வேற்றுக்கிரகவாசி இப்படிச் செய்தபோது கைதட்டினார்கள்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ஆயிரம் அடி ரீல் ஏறக்குறைய பதினொரு நிமிடம் ஓடும். இரண்டை ஒன்றாகச் சுற்றிப் போட்டாலும் இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரீலை மாற்றக் கொட்டகை விளக்கைப் போட்டே ஆக வேண்டும். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய அவற்றை நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; கொஞ்சம் அசந்தால் திரை மஞ்சளித்துவிடும். தகப்பனார் இந்தப் படத்தை ஓட்டும்போது மட்டும் ஆபரேட்டர் அறைச் சுவரின் துவாரத்தின் வழியாகத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தட்டைப் பற்றி அக்கறை இல்லை. இரட்டை வேடக் காட்சிகளில்தான் அவர் கண். கேமராவின் பாதிப் பார்வையைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு வேடத்தை எடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை மறைத்து அடுத்த வேடத்தை எடுப்பது அக்கால வழக்கம். இரண்டு பாதியும் சேரும் கோடு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்கு ஒரு விளையாட்டு. ‘தூணைப் பாரு, கதவுச் சட்டத்தைப் பாரு, கோடு அங்கதான் ஒளிஞ்சிருக்கும்’ என்பார். விரலால் சுட்டிக் காட்டிய அவசரத்தில் கார்பனை மறந்து, கொட்டகையே இருண்டு, கல் வந்து விழுந்த நாளும் உண்டு.

புத்தூரிலிருந்து:

எனக்கு இந்தப் படத்தின் மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் இல்லை. சித்தூர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். கீறலும் இல்லை, கைதட்டலும் இல்லை. எல்லாக் கருவியும் இருந்தும் பாட்டு இல்லாத ஒரு கிரகம் என்ற எண்ணம் மிக நல்ல எண்ணம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு முழுப் படம் எடுத்திருக்கலாம். இவர்களோ அதைத் தொட்டுவிட்டு, ஒரே முகச்சாயல் கொண்டவர்களின் குழப்பத்துக்குள் போய்விடுகிறார்கள். அட்டை அரங்கம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை, கதையைப் பாதியில் விட்டதுதான் குறை.

ஆனால் என்னோடு உட்கார்ந்து பார்த்த பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டியம்மாவின் கருத்து வேறு. பானுமதி ஓங்கோல் பக்கத்துக்காரர். நடித்ததோடு தம் பாட்டைத் தாமே பாடியவர், படம் இயக்கியவர், சென்னையில் பரணி ஸ்டூடியோவை நடத்தியவர். பாட்டியம்மாவுக்கு அவர் ‘மன பானுமதி’, அதாவது நம்ம பானுமதி. அவரைத் தட்டில் ஏற்றிக்கொண்டு போன காட்சியில், ‘அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவன் ஆள் தெரிந்துதான் வந்திருக்கிறான்’ என்று தெலுங்கில் சொல்லி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அந்தக் கிரகத்துக்காரர்களிடம் அவர் சிக்கிக்கொண்டாரே என்ற கவலை பாட்டியம்மாவுக்குக் கொஞ்சமும் இல்லை. அவரிடம் அவர்கள் சிக்கிக்கொண்டார்கள் என்பதே அவர் முடிவு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

பாலக்காட்டு எல்லையிலிருந்து சுருக்கமாக ஒன்று. நம்பியார் எங்கள் கேரளத்தின் கண்ணூர்ப் பக்கத்துக்காரர். ‘கலை அரசி’க்குப் பதினொரு ஆண்டுகள் முன்பே, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 1952-இல் எடுத்த ‘காடு’ படத்திலும் அவர் இருக்கிறார். அதில் அழிந்துபோன மாமத யானைகள் காட்டுக்குள் உயிரோடு திரிகின்றன. உண்மையில் அவை நம்மூர் யானைகள். மேலே சடைமுடி ஆடையைப் போர்த்தியிருந்தார்கள். பூரத்துக்குப் பூரம் யானையைக் கிட்டத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் படத்தை ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்தபோது, மற்றவர்கள் பயப்படுவதா சிரிப்பதா என்று தயங்கிக்கொண்டிருக்க, எனக்கு அந்த வெயிலில் யானைக்கு எவ்வளவு புழுங்கியிருக்கும் என்பதே கவலையாக இருந்தது.

மீண்டும் சூலூர்பேட்டையிலிருந்து:

தடாக்காரர் எழுதியதைப் படித்தபின் தூக்கம் வரவில்லை. நேற்று இரவு கணினியில் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நான் நினைவில் வைத்திருந்த வானத்தில் பாதி நட்சத்திரம் கூட இல்லை. நம்பியார் எல்லாரையும் போல நடந்துதான் போகிறார். ஊருக்கு வெளியே நூறு அடிக்கு மேல் அகலமான திரையோடு தியேட்டர் வந்துவிட்ட காலத்தில், பதினைந்து அங்குலத் திரையில் அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டு ஏமாந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவையும் எழுப்பி உட்கார வைத்தேன். அவருக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. காது மந்தம், கண்ணில் குறையில்லை. கோமாளியின் இடத்துக்கு மோகன் வந்து சேரும் பகுதி ஓடியபோது நிமிர்ந்து உட்கார்ந்து, ‘இதை அன்னிக்கு அவன் காட்டலை’ என்றார். திரும்ப ஓட்டிக் காட்டினேன். ‘காட்டலை’ என்று அடித்துச் சொன்னார். தடாக்காரரிடம் கேட்கிறேன்: அந்த ரீல் பெட்டியிலேயே வரவில்லையா, அல்லது அதுவும் அறுந்து போயிற்றா?

தடாவிலிருந்து:

தகப்பனார் இருந்திருந்தால் கேட்டுச் சொல்லியிருப்பேன். ரீல் வராமல் இருந்திருக்கலாம். ஆனால் இன்னொன்றும் உண்டு. இரண்டாம் ஆட்டம் முடிய விடியற்காலை ஆகிவிடும் என்றால், நடுவில் ஒரு ரீலைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு அடுத்ததை மாட்டுவது எல்லாக் கொட்டகைகளிலும் நடந்ததுதான். பாட்டு இருக்கும் ரீலில் கை வைக்க மாட்டார்கள். கொட்டகை பற்றி எரியும். கதை மட்டும் இருக்கும் ரீல்தான் போகும். நீங்கள் பார்த்தது முதல் ஆட்டமா, இரண்டாம் ஆட்டமா?

சூலூர்பேட்டையிலிருந்து:

இரண்டாம் ஆட்டம்.